வலியில்லாத வீக்கம்

முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான் என்பது நம்மவரின் பேச்சு வழக்கு. மனிதனாய்ப் பிறந்தவனுக்கு ஆண்டவன் அளந்து கொடுத்த தொகை அவ்வளவுதான் என்பது அதன் உட்பொருள். அதற்குமேல் ஒரு பல் கூடுதலாக முளைத்துவிட்டால், அது அதிர்ஷ்டத்துக்கு அடையாளமா, துரதிர்ஷ்டத்துக்கு அடையாளமா என்று வீட்டுப் பெரியவர்கள் விவாதம் தொடங்கிவிடுவார்கள். அப்படியிருக்க, ஒரு பாலகனுடைய தாடைக்குள்ளிருந்து 526 பற்கள் எடுக்கப்பட்டன என்றால் நம்புவதற்குச் சிறிது கடினமாகத்தான் இருக்கும்.

ஆயினும் இது கட்டுக்கதை அன்று. 2019-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியார் வெளியிட்ட செய்தி இது. பையனுக்கு வயது 7. கீழ்த்தாடையின் வலப்பக்கம் வீங்கியிருந்தது. அவ்வீக்கத்தைப் பெற்றோர் முதன் முதலில் கவனித்தபோது அவனுக்கு வயது 3. அப்போது வீக்கம் சிறிது. குழந்தையோ பரிசோதனைக்கு இணங்கவில்லை. ஆகவே காரியம் அந்த மட்டில் நின்றுபோயிற்று. நாலு வருஷம் சென்றது. வீக்கம் பெருத்த பிறகே பையன் மறுபடியும் வைத்தியரிடம் வந்து சேர்ந்தான். எக்ஸ்ரே படமும் ஸி.டி. ஸ்கான் படமும் எடுத்துப் பார்க்கையில், தாடை எலும்புக்குள் ஒரு பை அடங்கியிருப்பதும், அதனுள் கணக்கற்ற சிறு துணுக்குகள் நெருங்கிக் கிடப்பதும் புலனாயின.

பையனுக்கு மயக்க மருந்து கொடுத்து, தாடையின் பக்கவாட்டை உடைக்காமல் மேற்புறமாகத் துளைத்து, அந்தப் பையை முழுதாக எடுத்தார்கள். அதன் எடை சுமார் 200 கிராம்; நம் பழைய கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 17 தோலா. ரண சிகிச்சை முடிந்ததும் வேறொரு வேலை ஆரம்பமாயிற்று. நோய்க்கூற்று நிபுணர்கள் பையைப் பிரித்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணத் தொடங்கினார்கள். அதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் பிடித்தது. மிகச் சிறியது 0.1 மில்லிமீட்டர், மிகப் பெரியது 15 மில்லிமீட்டர். கடுகிலும் சிறிய துணுக்கிலுங்கூடப் பல்லுக்கு உரிய தலையும் வேரும் எனாமல் பூச்சும் இருந்தனவாம். மூன்று நாளில் பையன் வீடு சென்றான். அவன் வாயில் முறையாக இருக்க வேண்டிய 21 பற்களும் அவனுக்கே மிஞ்சின.

அந்த 526 என்ற எண்ணைப் பத்திரிகைகள் எல்லாம் பெரிய எழுத்தில் போட்டன. நமக்கோ அதைவிட முக்கியமாகத் தோன்றுவது இடையில் கழிந்த அந்த நாலு வருஷந்தான். அந்தப் பெற்றோரை நாம் குறை கூறவில்லை. மூன்று வயதுக் குழந்தையை வாய் திறக்கச் செய்வது எவ்வளவு பெரிய யுத்தம் என்பது தாய்மார்கள் அறிந்ததே. வலி என்று குழந்தை அழுதால் நள்ளிரவிலும் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வலியில்லாத வீக்கமாயின், "மாவுக்கட்டு மாதிரி இருக்கிறது, தானே வடிந்துவிடும்" என்று மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். பல் சொத்தையால் உண்டாகும் வீக்கம் வலிக்கும், சுடும், சீழ் வைக்கும். இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட கட்டிகளோ பெரும்பாலும் வலிப்பதில்லை.

இவை எங்கிருந்து உண்டாகின்றன என்பதை அறிய வேண்டுமானால், பல் எப்படி உண்டாகிறது என்பதைச் சிறிது பார்க்க வேண்டும்.

பல் என்பது எலும்பின் ஒரு துண்டு என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அது தவறு. கர்ப்பத்திலுள்ள சிசுவுக்கு ஆறு வாரம் ஆகும் சமயத்தில், வாயின் உட்தோல் குதிரை லாட வடிவில் தடித்து, ஒரு நாடாவைப் போலக் கீழ்நோக்கித் தாடைக்குள் அமிழ்கிறது. அந்த நாடாவில் இடைவெளி விட்டு அரும்புகள் தோன்றுகின்றன. பால்பற்களுக்கு 20, பின்னர் வரும் நிலைப்பற்களுக்கு 32. ஒவ்வோர் அரும்பிலும் இரண்டு வகுப்பு வேலைக்காரர்கள் சேர்ந்து உழைக்கிறார்கள். வாய்த்தோலிலிருந்து இறங்கி வந்த ஜீவ அணுக்கள் எனாமலைப் பூசுகின்றன. அதன் அடியில் உள்ள திசுவிலிருந்து பிறந்தவை, எனாமலுக்கு உட்பட்ட தந்தத்தையும் நடுவிலுள்ள கூழையும் அமைக்கின்றன. முன்னது இல்லாமல் பின்னது வேலை தொடங்காது. பின்னது இல்லாமல் முன்னது தொடராது. எனாமல் பூசும் அணுக்கள், பல் ஈறைக் கிழித்து வெளிவரும் தருணத்தில் மடிந்துவிடுகின்றன. தேய்ந்த எனாமல் மறுபடி வளராமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. பூசுவதற்கு ஆள் இல்லை!

ஆனால் எல்லா ஆட்களுமே போய்விடுவதில்லை. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் கொல்லைப்புறத்தில் இரண்டு மூங்கிலும் ஒரு கயிற்றுச் சுருளும் கிடக்கிறதல்லவா? அதுபோல, பல் நாடாவின் சிதறல்கள் ஈறுக்குள்ளும் எலும்புக்குள்ளும் பல்லின் வேரைச் சுற்றியும் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. வேரைச் சுற்றிக் கிடக்கும் இச் சிதறல்களை மலாஸே என்ற பிரெஞ்சு அறிஞர் 1885-ம் வருஷத்தில் விவரித்தார். இன்றளவும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. அநேகமாக எல்லோருக்கும் இவை எவ்விதத் தொந்தரவும் செய்வதில்லை. மிகச் சிலருக்கு மட்டும் இந்தச் சிதறல்களோ, பல் அரும்போ திடீரென்று விழித்துக்கொண்டு, யாரும் கேளாமலே வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. அதன் பயனே பல் அரும்புத் திசுக் கட்டி.

சென்னைப் பையனுக்கு வந்தது இவற்றுள் மிகவும் சாதுவானது. ஓடன்டோமா என்பது அதன் பெயர். ‘ஓடன்டோம்’ என்று 1867-ம் வருஷத்தில் இதற்குப் பெயர் சூட்டியவர் பாரிஸ் நகரத்து ரண வைத்தியரான பால் புரோக்கா. மூளையில் பேச்சுக்கு உரிய இடத்தைக் கண்டு சொன்னவரும் அவரே. பல்லையும் சொல்லையும் சேர்த்து நம்மவர் ஒரு பழமொழியே கட்டி வைத்திருக்க, அவ்விரண்டையும் ஆராய்ந்தவர் ஒரே மனிதராக அமைந்தது வேடிக்கையாயிருக்கிறது.

ஓடன்டோமாவில் வேலைக்காரர்களும் சரி, சாமான்களும் சரி, எல்லாம் அசல். எனாமல் உண்மையான எனாமல். தந்தம் உண்மையான தந்தம். திட்டம்தான் இல்லை. சில சமயம் சிறு சிறு பற்களாகவே நூற்றுக்கணக்கில் செய்து குவிக்கின்றன. வேறு சமயம் கல்லும் காரையும் கலந்து கொட்டினாற்போல் ஒரே கட்டியாய் இறுகிவிடுகின்றன. முதல் வகை பெரும்பாலும் மேல்தாடையின் முன்பக்கத்திலும், இரண்டாவது வகை கீழ்த்தாடையின் பின்பக்கத்திலும் வரும் என்று புத்தகங்கள் கூறுகின்றன. சென்னைப் பையனோ முதல் வகையைக் கீழ்த்தாடையின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான். உடம்பு எல்லாச் சமயத்திலும் புத்தகத்தைப் படித்துவிட்டு நடப்பதில்லை.

ஐந்நூறு பல் என்பது அபூர்வத்திலும் அபூர்வம். சாதாரணமாக ஓடன்டோமா ஒரு முழுப் பல்லின் பருமன்கூட இராது. வெளியே வீக்கமும் தெரியாது. பன்னிரண்டு, பதினான்கு வயதில், "இந்தப் பக்கத்துப் பல் எப்போதோ முளைத்துவிட்டது, அந்தப் பக்கத்தில் இன்னும் வரக் காணோமே" என்று தாயார் ஒருத்தி கண்டுபிடித்தால் உண்டு. பால்பல் விழ வேண்டிய காலம் கடந்தும் ஆடாமல் நிற்பது மற்றோர் அடையாளம். நிலைப்பல் வரும் பாதையில் இந்தக் கட்டி வழிமறித்துப் படுத்திருக்கும். எடுப்பது பிரமாதமான காரியம் அன்று. கட்டியைச் சுற்றி ஓர் உறை இருப்பதால், ஓட்டிலிருந்து வேர்க்கடலை பிரிவது போலப் பிரிந்துவிடும். மறுபடி வளருவது அரிது. வழி திறந்தவுடன் உள்ளே சிறைப்பட்டிருந்த பல் சில சமயம் தானாகவே இறங்கி வரும்; வராவிட்டால் கம்பி கட்டி இழுத்துக்கொண்டு வரலாம். ஆனால் இதை 14 வயதில் கண்டால் ஆகிற நன்மை, 40 வயதில் கண்டால் ஆகாது.

இந்தக் காலத்துத் தீனியினாலும் நாகரிகத்தினாலும் வந்த வியாதி இது என்று யாரேனும் சொல்லப் புகுந்தால், அவர்களுக்கு ஒரு செய்தி. ஆப்பிரிக்காவில் டான்ஸானியா தேசத்தில் கிடைத்த ஒரு மிருகத்தின் தாடையை அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையார் மெல்லிய சீவல்களாக அறுத்து ஆராய்ந்தார்கள். அந்த மிருகம் 25½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பாலூட்டிகளுக்குத் தூரத்து மூதாதை முறை. பல் எவ்வாறு தாடையில் பொருந்தியிருக்கிறது என்று பார்க்கப் போனவர்கள், கோரைப் பல்லின் வேரருகே மணி மணியாய்ச் சிறு பற்கள் குவிந்திருக்கக் கண்டார்கள். ஓடன்டோமாவேதான்! 2016-ம் வருஷத்தில் அதை வெளியிட்டார்கள்.

நம் நாட்டுப் பழைய சாஸ்திரத்திலும் இதைத் தேடுவோர் உண்டு. சுசுருத சம்ஹிதையில் கூடுதலாக முளைக்கும் பல்லைப் பற்றியும் அதைப் பிடுங்குவதைப் பற்றியும் கூறியிருப்பது உண்மை. அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் அங்கே சொல்லியிருப்பது கண்ணுக்குத் தெரிய ஈறைத் துளைத்து வரும் பல். எலும்புக்குள் மறைந்திருப்பதைக் காண 1895-ம் வருஷத்தில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இல்லாத பெருமையை ஏற்றிக்கொள்வது உள்ள பெருமைக்கும் கேடு.

சென்னைச் செய்திக்கு ஐந்து வருஷம் முன்னதாக, 2014-ம் வருஷம் ஜூலை மாதத்தில், பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் இதே போன்ற ஒரு சம்பவம் நிகழ்ந்தது. அங்கே வந்தவன் 17 வயது வாலிபன், மகாராஷ்டிரத்துக் கிராமவாசி. ஒன்றரை வருஷமாக வீக்கம். உள்ளூர் வைத்தியர்களுக்கு இன்னதென்று புரியவில்லை. புற்று நோயாக இருக்குமோ என்று தகப்பனார் அஞ்சி நகரத்துக்கு அழைத்து வந்தார். சுமார் ஏழு மணி நேரம் ரண சிகிச்சை நடந்தது. 232 சிறு பற்களும், உளியும் சுத்தியும் கொண்டு பெயர்க்க வேண்டிய அளவுக்கு இறுகிப்போன ஒரு பளிங்குக் கட்டியும் வெளிவந்தன. புற்று நோய் அன்று.

இந்த இரண்டு வீட்டிலும் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நம் ஜனங்கள் கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் செய்யும் இரண்டு தவறுகளும் விளங்கும். ஒரு சாரார் கட்டி என்றாலே புற்று நோய் என்று நடுங்குகிறார்கள். நடுக்கத்தினாலேயே வைத்தியரிடம் போகாமல் இருப்பவர்களும் உண்டு. இன்னொரு சாரார், "புற்று நோய் இல்லை" என்று டாக்டர் சொன்னவுடன், "அப்படியானால் ஒன்றுமில்லை" என்று பொருள் செய்துகொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இந்த இரண்டாவது தவறு எவ்வளவு கொடியது என்பதைக் காட்டுவதற்கென்றே அமைந்தது போல மற்றொரு கட்டி இருக்கிறது.

அதற்கு அமெலோபிளாஸ்டோமா என்று பெயர். மலாஸே காலத்தில் வேறு பெயரால் வழங்கி, 1930-ம் வருஷத்தில் இப்பெயர் பெற்றது. இதுவும் சாதுக் கட்டிகளின் ஜாபிதாவிலேயே சேர்க்கப்பட்டது; ஏனெனில் இது அநேகமாக ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவுவதில்லை. ஆனால் தான் இருக்கும் தாடையை மட்டும் இது விட்டுவைப்பதில்லை. எனாமல் பூசுகிறவர்களைப் போன்ற அணுக்கள்தாம் இதிலும் இருக்கின்றன, எனாமலைத்தான் பூசுவதில்லை. கறையான் மரத்துக்குள் செல்வது போல எலும்பின் துவாரங்கள் வழியே விரல் விரலாக நீண்டு செல்கின்றன. முப்பது நாற்பது வயதில் வருவது அதிகம்; பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல்லுக்கு அப்பால் காது நோக்கித் திரும்பும் இடத்தில் தோன்றுகின்றன. வளர்ச்சி மெதுவானது, வலி அநேகமாக இல்லை. முகம் ஒரு பக்கம் உப்புகிறது, ஒரு பல் ஆடுகிறது, கட்டிய பல் செட்டு பொருந்தாமல் போகிறது. எக்ஸ்ரே படத்தில் சோப்பு நுரைக் குமிழிகளைப் போலத் தோன்றும். முற்றிய நிலையில் எலும்பு முட்டை ஓடாக மெலிந்து, விரலால் அமுக்கினால் நெறுநெறுவென்று நொறுங்கும்.

இங்கேதான் நோயாளியும் வைத்தியரும் முரண்படுகிறார்கள். சுரண்டி எடுத்தால் போதாதா என்று நோயாளி கேட்கிறார். அவர் கேட்பது நியாயமே. சாதுக் கட்டி என்று சொல்லிவிட்டு, அதைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து அறுக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? முகம் என்ன ஆகும், சாப்பாடு என்ன ஆகும், கல்யாணமாகாத பெண்ணாயிருந்தால் அவள் கதி என்ன? ஆனால் படத்தில் தெரியும் எல்லைக்கு அப்பாலும் அதன் விரல்கள் சென்றிருக்கின்றன. சுரண்டி மட்டும் எடுத்தவர்களில் கணிசமானவர்களுக்கு அது திரும்பி வருகிறது. வரும்போது முன்னிலும் பெரிதாக வருகிறது. ஐந்து வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பத்தாம் வருஷத்தில் தலைகாட்டுவதும் உண்டு. ஒற்றைப் பையாக அடங்கியிருக்கும் ஒரு வகையில், குறிப்பாகச் சிறுவயதினருக்கு, குறைந்த சிகிச்சையுடன் நிறுத்திப் பார்ப்பதுண்டு. எந்த வகை என்பதைத் துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த நிபுணர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன செய்தார்கள் என்பது இதற்குப் பிரமாணம் ஆகாது.

அறுத்த தாடைக்கு மாற்று இல்லாத காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படியில்லை. காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. அவற்றுள் மெல்லியதாகிய வெளிப்புற எலும்பில் ஒரு பகுதியை, அதற்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளத்துடன் எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்பத் துண்டித்துப் பொருத்தி, நாளத்தைக் கழுத்து நாளத்துடன் தைத்துவிடுகிறார்கள். 1989-ம் வருஷத்தில் ஹிடால்கோ என்ற அமெரிக்க ரண வைத்தியர் இம்முறையைத் தாடைக்கு ஏற்றதாக்கி வெளியிட்டார். அதன்மேல் செயற்கைப் பல்லும் நாட்டலாம். எலும்பு கொடுத்த மனிதர் பிறகு நடக்கவும் நடக்கிறார். நம் தேசத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இது செய்யப்படுகிறது. இன்னும் ஒரு நம்பிக்கை: 2014-ம் வருஷத்தில் இக்கட்டிகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு பிழை இருப்பதைக் கண்டார்கள். அதே பிழையுள்ள வேறு வியாதிகளுக்காகச் செய்த மாத்திரைகள் சிலருக்கு இக்கட்டியையும் சுருங்கச் செய்திருக்கின்றன. கத்தியை அடியோடு விலக்கும் நிலை வரவில்லை. கத்தியின் வேலையைக் குறைக்கக்கூடும்.

இவ்விரண்டுக்கும் இடையே இந்தக் குடும்பத்தில் வேறு பல அங்கத்தினர் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம். அதை மாணவர்கள் ‘மூன்றில் இரண்டு’ கட்டி என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்: மூன்றில் இரண்டு பங்கு மேல்தாடையில், மூன்றில் இரண்டு பங்கு இளம் பெண்களுக்கு, மூன்றில் இரண்டு பங்கு முளைக்காத பல்லைச் சுற்றி, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கோரைப் பல்லைச் சுற்றி! எடுத்தால் போய்விடும், பயப்பட வேண்டியதில்லை. ஒரே ஆளுக்குப் பல இடங்களில் ஓடன்டோமாவும் எலும்பு முடிச்சுகளும் காணப்பட்டால் மட்டும், வைத்தியர் வாயோடு நிற்காமல் குடலையும் பரீட்சிக்கச் சொல்லக்கூடும். அதைக் கேலி செய்யாதீர்கள். குடலில் ஏராளமான முளைகள் உண்டாகிப் பிற்காலத்தில் புற்றாக மாறும் ஒரு பரம்பரை வியாதிக்குத் தாடைதான் முதல் அடையாளமாக அமைவதுண்டு.

நம் நாட்டில் பல் வைத்தியம் என்றால் சந்தையில் குறடு பிடித்து உட்கார்ந்திருப்பவரின் தொழில் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. அதை மாற்ற முற்பட்டவர்களுள் முதல்வர் டாக்டர் ரபியுதீன் அகமது. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் பல் வைத்தியம் கற்றுத் திரும்பி, 1920-ம் வருஷத்தில், சர்க்காரை எதிர்பாராமல், தாமே கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். 1925-ல் இந்தியப் பல் வைத்தியப் பத்திரிகையையும் ஆரம்பித்தார். சுதந்திரம் வந்தபின் கல்லூரியை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். சென்னையில் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரி தோன்றியது 1953-ல். இன்று தமிழ் நாட்டில் பல் வைத்தியக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் எக்ஸ்ரே எடுக்கும் செலவும் சொற்பமே. குறை நம்மிடத்தில்தான் இருக்கிறது. பல் வலித்தால் மட்டுமே போக வேண்டிய இடம் அது என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே வீட்டிலுள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை: தாடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தங்கிய வீக்கம், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடமும் வலமும் ஒவ்வாத முகம், காரணமின்றி ஆடும் பல், உரிய காலத்தில் வராத பல். பிள்ளைகள் பல் தேய்க்கும்போது மாதம் ஒரு முறை வாயைத் திறக்கச் சொல்லிப் பற்களை எண்ணிப் பார்த்தால் போதும். அதற்கு எந்தச் சாதனமும் வேண்டியதில்லை.

கட்டியை எடுத்துவிட்டார்களானால், எடுத்ததைத் தொட்டியில் எறிந்துவிடாமல் மைக்ராஸ்கோப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கூசாமல் கேளுங்கள். அந்தப் பரிசோதனைச் சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும், நிலப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள். பத்து வருஷம் கழித்துப் பையன் வேறோர் ஊரில் வேறொரு டாக்டர் முன் உட்காரும்போது, அவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.